இரண்டு கதவு வைத்தவர்

பேச உட்காரும் முன் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். தோல் பட்டியை மெல்ல விடுவித்து, கடிகாரத்தை மேசையில் முகம் குப்புற வைப்பார். எதிரில் இருப்பவர்கள் நேரம் பார்க்கக் கூடாதாம், தானும் பார்க்கக் கூடாதாம். "நேரம் தெரிந்தால் மனிதர்கள் அவசரப்படுவார்கள். அவசரப்படுகிறவர்கள் உடனே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்" என்பார். முதல்முறை கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அன்றே அதை என் தோழிகள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். இப்போது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அவர் நோர்வேயின் ஓய்வுபெற்ற தூதுவர். பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக அல்ல. தன் தொழில் காலம் முழுவதும் எந்தக் கதையிலும் தவறு செய்தவனின் பெயரைச் சொல்லாமலே கதை சொன்ன மனிதர் அவர். 'ஒரு தரப்பு', 'மற்றத் தரப்பு', அவ்வளவுதான். எந்த நாடு என்றுகூடச் சொல்லமாட்டார். 'வெப்பமான ஒரு நாட்டில்' என்று தொடங்குவார். அதே மரியாதை அவருக்கும் கிடைக்கட்டும்.

பலெர்மோவின் பணக்காரப் பகுதியில், கூண்டு லிப்ட் வைத்த பழைய கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் தனியாக இருந்தார். மனைவிக்கு இந்த ஊர் பிடிக்கும் என்று வந்தவர்கள். மனைவி இறந்த பிறகும் அவர் போகவில்லை. போவதா இருப்பதா என்று இன்னும் முடிவு எடுக்கவில்லை என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில்தான் அம்மா வேலை செய்தார். அங்கே ஒரு சின்யோரா, வீட்டுக்காரி. காலையில் இருந்து மதியம் வரை அவள் வீடு. ஒப்பந்தம் அவளிடம். அதை வைத்துத்தான் அம்மாவின் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கும் அனுமதி, ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படும். வாரத்தில் இரண்டு மதியம் ஒரு மாடி மேலே ஏறி, தூதுவருக்குச் சமைத்து வைத்துவிட்டு வருவார்.

நான் எப்படி அங்கே போனேன்? அவருக்குக் கிட்டத்து எழுத்து மங்கிவிட்டது. பத்திரிகை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டார். "என்ரை பிள்ளை வாசிப்பாள், அவள் யூனிவர்சித்தாவிலை அரசியல்தான் படிக்கிறாள்" என்று அம்மா பெருமை பொங்கச் சொல்லிவிட்டார். கிட்டத்து எழுத்துத்தான் மங்கல். தூரப் பார்வை பருந்துப் பார்வை. பால்கனியில் நின்று, துறைமுகத்துக்குள் வரும் கப்பலின் கொடி எந்த நாடு என்று சொல்லிவிடுவார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கோ கேட்கவே வேண்டாம். நான் தூதுவராகப் போகிறேன் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. ஏழு வயதில் இந்த ஊருக்கு வந்தவள். நாலு மொழி பேசுவேன். உலகத்தின் எல்லாச் சண்டைக்கும் என்னிடம் ஒரு தீர்வு இருந்தது. அப்படிப்பட்டவளுக்கு, பத்துப் பஸ் தரிப்புக்கு அப்பால், உண்மையான ஒரு தூதுவர்! நாங்கள் குடியிருந்த ஒரேத்தோவில் இருந்து அவர் வீட்டுக்கு நான் நடந்தே போயிருக்கிறேன், பஸ் வரும்வரை பொறுமை இல்லாமல்.

அவரது கதைகளில் பெரியது கதவுக் கதை. வெப்பமான ஒரு நாட்டில், ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பேச்சுவார்த்தை. ஒரு தரப்பு நுழைந்த கதவால் மற்றத் தரப்பு நுழையாதாம். யார் முதலில் நுழைவது என்பதே மூன்று நாள் சண்டை. இவர் என்ன செய்தார்? ஹோட்டல்காரரிடம் பேசி, எதிர்ச் சுவரை உடைத்து, அதே அகலம், அதே உயரம், அதே மரத்தில் இன்னொரு கதவு வைக்கச் செய்தார். இரண்டு தரப்பும் ஒரே கணத்தில் நுழைந்தார்கள். இதைச் சொல்லும்போது அவரது நீண்ட வெளுத்த கைகள் இரண்டும் காற்றில் இரண்டு கதவையும் திறக்கும். நான் இந்தக் கதையை வகுப்பில் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

நெடுநாள் கழித்து ஒருமுறை, "அதற்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"எதற்குப் பிறகு?"

"பேச்சுவார்த்தைக்குப் பிறகு."

கொஞ்சம் யோசித்தார். "சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. இன்னும் மோசமாக. ஆனால் அந்த மண்டபத்தில் எல்லாம் மிக நன்றாக நடந்தது."

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. 'எவ்வளவு நேர்மையாகச் சொல்கிறார்' என்று அதையும் வியந்தேன்.

எங்கள் சனம் அவரைக் கண்டுபிடித்தது தனிக் கூத்து. நோர்வேத் தூதுவர் ஒருவர் பலெர்மோவில் இருக்கிறார் என்று அம்மா கோயிலில் யாரிடமோ சொல்லிவிட்டார். போதாதா? அடுத்த ஞாயிறு ஐந்தாறு பேர் சால்வையோடு வாசலில். நோர்வே என்ற பெயரைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு ஒருபக்கம் நம்பிக்கை, மறுபக்கம் கொதிப்பு. எங்கள் நாட்டுப் பேச்சுவார்த்தை எல்லாம் இவர் கையால் நடந்தது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். அவரோ, "நான் உங்கள் நாட்டுக்கு ஒருநாளும் போனதில்லை. வேலை செய்தது வேறு நாடுகளில்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். மொழிபெயர்த்தது நான்தான்.

"பெரிய ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம், பிள்ளை. ரகசியமெல்லோ" என்று கண்ணடித்தார் சால்வை கொண்டுவந்தவர்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை. விரல் நுனியெல்லாம் பழத்தோல் எண்ணெய் ஏறி மஞ்சள். சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "நோர்வே எண்டவுடனை எங்கடை சனத்துக்கு மண்டை கழண்டுபோம். அந்தாள் போகேல்லை எண்டு சொல்லுது, இவையள் போயிட்டு வந்தவர் எண்டு சால்வை போடீனம். சால்வையைத் திருப்பிக் குடுத்தவரே?"

"இல்லை, வாங்கினவர்."

"பாத்தியே! வாங்கவும் செய்வார், இல்லை எண்டும் சொல்லுவார்."

பிறகு எங்கள் ஆட்களின் இரண்டு விளையாட்டுக் கழகங்களின் பிரச்சினை வந்தது. ஈஸ்டருக்கு அடுத்த திங்களன்று ஒரே மைதானம், இரண்டு பேருக்கும் வேண்டும். 'நோர்வே ஐயா'விடம் போவோம் என்றார்கள். கடிகாரம் குப்புறக் கிடக்க, பின்னேரம் முழுக்கக் கதைத்தார்கள். முடிவில் மைதானத்தின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் இரண்டு விழா. எந்தப் பக்கமும் முழு ஓட்டப் பாதை இல்லை, பிள்ளைகள் எல்லாம் அரை வட்டத்தில் ஓடினார்கள். இவர் இரண்டு பக்கமும் போய், ஒரே பேச்சை இரண்டு தரம் பேசி, இரண்டு பக்கத்திலும் பாதித் தேநீர் குடித்தார். "இரண்டு விழா, ஒரு சண்டையும் இல்லை" என்றார் திரும்பி வரும்போது. நான் சிரித்தேன். அதுவரைக்கும் சிரிக்க முடிந்தது. அரை வட்டத்தில் ஓடினது என் அம்மா இல்லையே.

அப்பா கொண்டுவரும் மண்டரினில் ஒரு பை எப்போதும் அவருக்குப் போகும். பிந்திப் பழுக்கும் இனம், தேன் மாதிரி. அவர் தோலை ஒரே சுருளாக உரித்து, பழத்தைச் சரிபாதியாகப் பிளந்து, அம்மாவுக்கு ஒரு பாதி, எனக்கு ஒரு பாதி தருவார். தனக்கு எடுக்கமாட்டார். "நடுவில் இருப்பவன் சாப்பிடக் கூடாது" என்பார் சிரித்தபடி.

"எவ்வளவு நல்ல மனுசன் பார்! தனக்கெண்டு ஒண்டும் எடுக்கேல்லை" என்று அம்மா படியிறங்கும்போது உருகுவார்.

ஓம், நல்ல மனிதர்தான். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் அம்மா அவரை நம்பியே இருக்கமாட்டார்.

அன்று சிரோக்கோக் காற்று. ஆப்பிரிக்காவின் புழுதி முழுக்க எங்கள் ஜன்னல் கண்ணாடியில். அம்மா மூன்றாம் மாடியில் வேலை முடித்து, கையைக் கழுவி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார். சின்யோராவின் மகளுக்கு அன்று மாலை ஏதோ விருந்து. உடுப்புக்கு இஸ்திரி போட்டுவிட்டுப் போ என்று கத்தியபடி சின்யோரா பின்னால் வந்தாள். வேலை நேரம் முடிந்தது, மேலே ஐயா காத்திருக்கிறார், நாளை வந்ததும் முதல் வேலையாகச் செய்கிறேன் என்று அம்மா தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னார். அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். பளிங்குப் படி. அம்மா பின்பக்கமாகச் சரிந்து, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்று பிறகு சொன்னார், காய்ந்த முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி.

மேலே, நான்காம் மாடிக் கதவு திறந்திருந்தது. அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டால் அவரே வந்து கதவைத் திறந்து வைப்பார், அது அவரது மரியாதை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, கீழே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மாடித் தூரம். கப்பல் கொடி தெரிகிற கண்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அம்மா முந்திக்கொண்டார். "விழுந்துவிட்டேன்." அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வது இதுதான். கொதி எண்ணெய் கொட்டினாலும் விழுந்துவிட்டேன், ஏணி முறிந்தாலும் விழுந்துவிட்டேன். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க இன்னும் கொஞ்ச மாதம்தான் இருந்தது.

"ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?"

"பொய் எங்கை சொன்னனான்? விழுந்தனான்தானே."

"அவ இழுத்தவ!"

"மெல்லக் கதை பிள்ளை, ஆக்கள் பாக்கினம். அவ இழுத்தவ எண்டு நான் சொன்னா ஆர் நம்புவினம்? ஐயா பாத்தவர். அவர் சொல்லுவார். அவர் சொன்னா எல்லாரும் நம்புவினம்."

இதுதான் விஷயம் முழுவதும். அம்மாவுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'நான் பார்த்தேன், அவள்தான் பிடித்து இழுத்தாள்.' அதைச் சொல்ல ஒரே ஒருவர் இருந்தார். அவர் சொன்னால் அது வேலையில் பட்ட காயம். கை ஆறும்வரை பாதுகாப்பு உண்டு, ஒப்பந்தத்தை அவள் இஷ்டத்துக்கு முறிக்க முடியாது. சொல்லாவிட்டால், படியில் கால் வழுக்கிய ஒரு வெளிநாட்டுக்காரி. வேலையும் இல்லை, பெர்மெஸ்ஸோவும் ஆட்டம்.

மறுநாள் காலை நான் ஓடினேன். லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. அவர் கதவைத் திறந்து, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். உண்மையான கவலைதான், கண் கலங்கியிருந்தது. நான் உட்காரவில்லை.

"நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"அவள் இழுத்ததை?"

"எல்லாவற்றையும் பார்த்தேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. உடனே சேர்த்தார்: "அதனால்தான் நான் இரண்டு பேருக்கும் பயன்படுவேன்."

"இரண்டு பேருக்குமா?"

"நான் சாட்சி சொன்னால் ஒரு பக்கத்து ஆள் ஆகிவிடுவேன். அதற்குப் பிறகு சின்யோரா என்னோடு பேசமாட்டார். பேச்சு நின்றுவிட்டால் உன் அம்மாவுக்கு என்ன மிஞ்சும்? நீதிமன்றம், வருடங்கள். என்னை நம்பு. வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் இங்கே அழைக்கிறேன்."

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! நான் படிக்கிற புத்தகத்தில் எல்லாம் இது இருக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நானே அதை விளக்கினேன். அம்மா தலையாட்டினார். அப்பா சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பாரும்," என்றார் அம்மாவிடம், "கள்ளனையும் வீட்டுக்காரனையும் ஒரு மேசையிலை இருத்திக் கதைக்கப்போறார் போல. அங்கை போய் உம்மடை மற்றக் கையையும் குடுத்திட்டு வராதையும்."

"உங்களுக்கு ஆரிலைதான் நம்பிக்கை? சும்மா இருங்கோ" என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை வந்தது. நீள மேசை. நாற்காலிகளை முன்பே அளந்து போட்டிருந்தார். அம்மாவுக்கும் சின்யோராவுக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரித் தண்ணீர்க் குவளை, ஒரே அளவு பாதாம் பிஸ்கட். ஜன்னல் வெளிச்சம் ஒருவர் முகத்தில் மட்டும் விழக் கூடாது என்று திரையைப் பாதி இழுத்திருந்தார். எல்லாம் சமம். ஒருத்தியின் கையில் மாவுக்கட்டு, மற்றவளின் கையில் வளையல் என்பதைத் தவிர. அந்தக் குவளையை அம்மாவால் வலக்கையால் தூக்கவே முடியாது என்பதை அவர் யோசிக்கவில்லை. அம்மா தண்ணீரைத் தொடவில்லை.

கடிகாரத்தைக் கழற்றினார். குப்புற வைத்தார்.

சின்யோரா முதலில் பேசினாள். அம்மாவைத் தன் வீட்டுப் பெண் மாதிரி வைத்திருந்தாளாம். படி ஈரமாக இருந்ததாம். பிடித்து நிறுத்தத்தான் கையை நீட்டினாளாம். நான் அதை அப்படியே தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன், நாக்கு எரிய எரிய. சொல்லிவிட்டு அவரைப் பார்த்தேன். இப்போது சொல்லுங்கள். இப்போது. படி ஈரம் இல்லை என்று, நீங்கள் பார்த்தீர்கள் என்று.

அவர் மெல்லத் தலையாட்டினார். "உங்கள் உணர்வை நான் கேட்டுக்கொண்டேன்" என்றார் அவளிடம். பிறகு அம்மா பக்கம் திரும்பி, அதே கோணத்தில் தலையைச் சாய்த்து, அவரது உணர்வையும் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவ என்ரை கையைப் பிடிச்சு இழுத்தவ. ஐயா மேலை நிண்டு பாத்தவர். வேறை என்ன நான் சொல்ல?"

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் குறைக்கவில்லை. 'ஐயா மேலே நின்று பார்த்தவர்' என்ற இடத்தில் குரலை உயர்த்தினேன்கூட. சின்யோரா வளையலைத் திருகினாள். அவர் அம்மாவிடமும் "உங்கள் உணர்வை நான் கேட்டுக்கொண்டேன்" என்றார்.

உணர்வு! எலும்பு முறிந்தது உணர்வாம்.

அதற்குப் பிறகு, தான் யோசித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார். நின்று, தொண்டையைச் செருமி, சமையற்காரர் பெரிய தட்டைக் கொண்டுவந்து வைப்பதுபோல. 'படிக்கட்டில் எவரும் விரும்பாத ஒரு நிகழ்வு நடந்தது. இரு தரப்பும் அதற்காக வருந்துகின்றன.' இரவு முழுக்க அதில் வேலை செய்தாராம். 'நிகழ்வு' என்ற சொல்லைக் கண்டுபிடித்ததில் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி.

அம்மாவுக்குச் சொன்னேன்.

"நான் ஏன் பிள்ளை வருந்தோணும்? முறிஞ்சது என்ரை கையெல்லே?"

அதையும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அவர் அதற்கும் தலையாட்டினார். "சரியான கேள்வி" என்றார். சரியான கேள்வி! பதில் சொல்ல வேண்டிய ஒரே ஆள் அதைச் சரியான கேள்வி என்று பாராட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சின்யோராவுக்கு வாக்கியம் பிடித்துப்போயிற்று. பிடிக்காதா? ஒத்துக்கொள்கிறேன் என்றாள் உடனே. எழுந்து, சிரித்து, வலக்கையை நீட்டினாள். அவரும் எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். எத்தனையோ மண்டபங்களில், எத்தனையோ படங்களில் அவர் நின்ற இடம் அதுவாகத்தான் இருக்கும். கைகொடுக்கும் இரண்டு பேர், நடுவில் உயரமாக, கொஞ்சம் குனிந்து, புன்னகையோடு ஒரு மனிதர்.

அம்மாவின் வலக்கை கழுத்தில் இருந்து தொங்கும் துணிக்குள். நீட்ட ஒரே ஒரு கைதான் இருந்தது.

எங்கள் வீட்டில் இடக்கையால் ஒரு கறிவேப்பிலைக் கொத்துக்கூடக் கொடுக்கமாட்டார்கள். பல்லாரோச் சந்தையில் மீன்காரனுக்குக் காசு கொடுக்கும்போதும், வலக்கையில் பை இருந்தால், பையை நிலத்தில் வைத்துவிட்டு வலக்கையால்தான் கொடுப்பார் அம்மா. அந்த வழக்கத்தை அவர் மீறி நான் ஒருநாளும் கண்டதில்லை.

"இடக்கையைக் குடுக்கவோ?" என்று என்னிடம் கேட்டார்.

"குடுக்காதேங்கோ அம்மா. எழும்புங்கோ, போவம்."

அம்மா எழுந்தார். சின்யோராவை நேராகப் பார்த்தார். பிறகு, நிதானமாக, எண்ணி, இடக்கையை நீட்டினார். சின்யோரா அதைப் பிடித்துக் குலுக்கினாள், "பாவம், பாவம்" என்றபடி. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவருக்கு விளங்கியது. வெப்பமான நாடுகளில் வாழ்ந்தவர் அல்லவா? எந்தக் கையால் ரொட்டி எடுப்பது, எந்தக் கையால் எதைச் செய்வது என்று எனக்கே வகுப்பு எடுத்தவர். அவர் முகத்தில் இருந்த புன்னகை ஒருபக்கம் மட்டும் கழன்றது. மேசையைப் பார்த்தார். கடிகாரத்தை எடுத்து, முகத்தைத் திருப்பி, நேரம் பார்த்தார். அவர் அதைச் செய்து நான் கண்டது அன்றுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "அவளுக்கு அது காணும்."

காணாது அம்மா. எனக்கு அது போதாது.

அடுத்த நாள் ஒரேத்தோவில் எங்கள் வீட்டுக்கு ஒரு பூங்கொத்து வந்தது. வெள்ளையும் மஞ்சளும், நீல நாடா. அவர்தான் அனுப்பியிருந்தார். அப்பா வாங்கிப் பார்த்தார்.

"உந்தப் பூ சின்யோராவுக்கும் போயிருக்கோ?"

நான் அந்தக் கட்டடத்தின் வாயிற்காவலருக்கு போன் செய்து கேட்டேன். ஆமாம், மூன்றாம் மாடிக்கும் ஒன்று வந்ததாம். வெள்ளையும் மஞ்சளும், நீல நாடா.

அப்பா பூங்கொத்தைத் தலைகீழாகப் பிடித்து, குப்பைத் தொட்டிக்குள் இறக்கினார். பிறகு நாடாவை மட்டும் எடுத்து, மண்டரின் பையின் வாயைக் கட்டினார். அந்தப் பை அதற்குப் பிறகு நான்காம் மாடிக்குப் போகவில்லை.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், மெதுவாகச் சொன்னால் எனக்கு ஆகாது. தொழிலாளர்களுக்கு உதவும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நல்லவர். சாட்சி இருக்கிறாரா என்று கேட்டார், நான் அவரைச் சொன்னேன், என் முன்னாலேயே அவருக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் அந்த மெதுவான, இலக்கண சுத்தமான இத்தாலியன் கேட்டது: "இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். நான் அதைக் குலைக்க விரும்பவில்லை." அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். ஆஸ்பத்திரித் தாளில் 'விழுந்துவிட்டேன்' இருக்கிறது, மேசையில் கைகொடுத்தது இருக்கிறது, வேறு என்ன செய்ய?

சின்யோரா அம்மாவின் ஒப்பந்தத்தை அன்பான வார்த்தைகளோடு முடித்தாள். அடுத்த கிழமையே மொரிசியசுப் பெண் ஒருவர் அங்கே வேலைக்கு வந்துவிட்டார். அம்மாவின் மணிக்கட்டு முழுதாக நேராகவில்லை. நிலம் துடைக்கிற துணியைப் பிழிய முடியாது, கதவுப் பிடியைத் திருக இன்றைக்கும் இடக்கை. அப்பா தெரிந்த ஒருவரைப் பிடித்து, மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அம்மாவை மரக்கறி வெட்டச் சேர்த்தார். பெர்மெஸ்ஸோ மயிரிழையில் தப்பியது. தப்பியதில் தூதுவருக்குப் பங்கு ஏதும் இல்லை.

அவர் இரண்டு முறை ஆள் அனுப்பினார், கை ஆறியதும் அம்மா திரும்பி வரலாம் என்று. அம்மா பதில் அனுப்பவில்லை. நான் வாசிக்கப் போவதையும் நிறுத்தினேன்.

அடுத்த கோடைக்கு முன் அவர் நோர்வேக்குப் போகிறார் என்று வாயிற்காவலர் சொன்னார். கடைசியில் ஒரு முடிவு எடுத்துவிட்டார் என்று பார்த்தால், முடிவு எடுத்தது அவருடைய மகளாம். அவர் வீட்டுக் கதவின் திறப்பு, உதிரிச் சாவி ஒன்று, அம்மாவிடம் இருந்தது. "கொண்டுபோய்க் குடுத்திட்டு வா பிள்ளை. மற்றவையின்ரை சாமான் எங்களுக்கு வேண்டாம்" என்றார் அம்மா.

போனேன். சுவரெல்லாம் வெறுமை, பெட்டிகள். நீள மேசை மட்டும் நடுவில் இன்னும் இருந்தது. மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் உண்மையாகவே மகிழ்ந்தார், அதுதான் கொடுமை. உட்காரச் சொன்னார். கடிகாரத்தைக் கழற்றினார், குப்புற வைத்தார். நான் நின்றேன்.

"உன் அம்மா அன்று இடக்கையைக் கொடுத்தார்" என்றார்.

"வலக்கை முறிந்திருந்தது."

"அது தெரியும்." கொஞ்ச நேரம் பால்கனிப் பக்கம் பார்த்தார். "நான் நிறையக் கைகுலுக்கல் பார்த்திருக்கிறேன். எல்லாமே வலக்கை. அவற்றில் எத்தனை உண்மை என்று இப்போது யோசிக்கிறேன்."

அவர் இப்படி அழகாகப் பேசுவார். பேசினால் நான் இளகுவேன், எனக்குத் தெரியும். கையில் திறப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்று கேட்கலாமா?" என்றார். "உன் அம்மாவுக்கு என்மேல் கோபமா?"

எத்தனை பதில்கள் என் வாயில் வந்து நின்றன தெரியுமா? எல்லாம் அவரிடம் கற்றவை. 'ஒருபக்கம் பார்த்தால்', 'இன்னொரு பக்கம்', 'கோபம் என்ற சொல் பொருந்துமா என்று தெரியவில்லை', 'அம்மாவின் உணர்வு சிக்கலானது'. அவர் காத்திருந்தார். அவரது நீண்ட வெளுத்த கைகள் மேசையில், இரண்டும் ஒரே இடைவெளியில்.

"ஓம்" என்றேன். அம்மாவிடம் கேட்டு அவர் பழகியிருந்த சில தமிழ்ச் சொற்களில் ஒன்று.

அவர் தொடர்ந்து காத்திருந்தார். 'ஆனால்' என்று ஏதோ வரும் என்று நினைத்தார் போல. தலையைக்கூட அதற்காகக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தார்.

நான் திறப்பை மேசையில் வைத்தேன். நடுவில் வைக்கவில்லை. அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, இருந்த ஒரே கதவால் வெளியே வந்தேன்.